பூர்வீகம் தேடிப் போனவர்கள் எழுதுங்கள்

கரிசல்காட்டுப் பேரன்:
தாத்தா கல்யாணத்து மொய் நோட்டு பரணில் கிடைத்தது. அதையும் பங்காளிகளையும் வைத்து ஐந்து தலைமுறை ஆண்கள் பெயரை எழுதிவிட்டேன். தாத்தாவைப் பெற்ற பூட்டி பெயர் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. ஊரிலேயே மூத்த பெரியம்மாவிடம் கேட்டேன். “சாத்தூராள்” என்றார். அது பிறந்த ஊராச்சே, பேர் என்ன என்றேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். “அவளை யாருய்யா பேர் சொல்லிக் கூப்பிட்டா?” என்றார். இரண்டு மாதமாக அந்தக் கேள்வி மனசை அறுக்கிறது.

திருச்சி மாமா:
தம்பி, பங்காளி சொல்வதை அப்படியே எழுதாதீர்கள். தாத்தா பெயரைத்தானே பேரனுக்கு வைக்கிறோம்? எங்கள் வீட்டில் ஒரே பெயர் மூன்று முறை வரும். தாத்தாவின் தாத்தா வெட்டிய கிணற்றைத் தாத்தா வெட்டியதாகவே நம்பியிருந்தோம். பத்திரம் பாருங்கள். கிரயப் பத்திரத்தில் ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று தகப்பன் பெயரோடு இருக்கும். பட்டாவில் இருக்கும் சர்வே எண்ணை வைத்து, பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கேட்டுப் போடுங்கள். 1980களில் யு.டி.ஆர். என்று நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்து எண்களை மாற்றியதால் பழைய எண்ணையும் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும். பாகப்பிரிவினைப் பத்திரத்தை விடவே விடாதீர்கள். 1956 வாரிசுச் சட்டத்துக்குப் பிறகு பெண் மக்களிடம் சொத்தில் பங்கு வேண்டாம் என்று கைநாட்டு வாங்கிய விடுதலைப் பத்திரங்களும் உண்டு, அதில் பெண்கள் பெயர் இருக்கும்.

கோத்தகிரி:
பத்திரம் நிலம் இருந்தவர்களுக்கு, ஐயா. எங்கள் பாட்டன், ஆள் பிடிக்க வந்த கங்காணியோடு கண்டிச்சீமைக்கு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். இரு நாடுகளும் போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்களைப் போன்றவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள். அப்படித்தான் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இறங்கி, இங்கே மறுபடியும் தேயிலைக்கே வந்தோம். கையில் இருந்தது குலதெய்வத்தின் பெயரும், ‘துறையூர்ப் பக்கம்’ என்று ஆத்தா சொன்ன வார்த்தையும்தான். நாலு ஊர் அலைந்து கோயிலைக் கண்டுபிடித்தேன். அர்ச்சனைக்குப் பாட்டன் பெயரைச் சொன்னதும் பூசாரி கை நின்றுவிட்டது. உள்ளே போய், குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு வசூலிக்கும் தலைக்கட்டு வரி நோட்டை எடுத்துவந்தார். ‘கண்டிக்குப் போனவன் வகையறா’ என்று ஒரு வரி, நேரே தொகை எழுதாமல். நோட்டு மாற்றும்போதெல்லாம் அந்த வரியையும் சேர்த்தே எழுதுவார்களாம். அன்றைக்கே வரி கட்டினேன்.

கரிசல்காட்டுப் பேரன்:
மாமா, மொய் நோட்டைத் திரும்பப் பார்த்தேன். ‘சாத்தூர் தாய்மாமன், ரூ. 11’ என்று பெயரோடு இருக்கிறது. பூட்டியின் அண்ணனோ தம்பியோதான். வெள்ளிக்கிழமை சாத்தூர் போகிறேன், விடுதலைப் பத்திரம் கேட்க.