புதுப்பிப்பு: இரவில் கோயிலைத் தனியாகப் பூட்டும் கோயில்பிள்ளையின் பாதுகாப்பு

எங்கள் பங்குக் கோயிலில் (எங்கள் பகுதிக் கத்தோலிக்கத் தேவாலயத்தில்) இரவில் தனியாக நின்று கதவடைக்கும் கோயில்பிள்ளையின், அதாவது கோயில் வேலைகளைக் கவனிக்கும் பணியாளரின், பாதுகாப்புக்கு இங்கே வழி கேட்டிருந்தேன்; யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. நடந்ததைக் காட்டுமே தவிரத் தடுக்காத கண்காணிப்புக் கேமராவைவிட, குறித்த நேரத்துக்குள் அழைப்பு வராவிட்டால் ஒருவர் நேரில் சென்று பார்க்க வேண்டும் என்ற யோசனையே பலன் தந்தது. இரவு 8.30 மணிக்குள் கோயில்பிள்ளை பங்குப் பேரவைச் (கோயில் நிர்வாகத்துக்கு உதவும் மக்கள் குழு) செயலாளரை அழைக்கிறார்; அழைக்காவிட்டால் எதிர்வீட்டு அண்ணன் டார்ச்சுடன் வந்துவிடுவார். பவர் பட்டனைத் தொடர்ந்து 5 முறை அழுத்தினால் 112 என்ற அவசர உதவி எண்ணுக்கு அழைப்புச் செல்லும் வசதியையும் கோயில்பிள்ளையின் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இயக்கி வைத்தோம். எதிர்பாராத சிக்கல், தடித்த கற்சுவர்களுக்கு நடுவே இருக்கும் சக்ரீஸ்தில் (திருப்பலி உடைகளும் பாத்திரங்களும் வைக்கும் அறையில்) சிக்னலே கிடைக்காததுதான். ஆகவே அங்கே நடக்கும் காணிக்கை எண்ணும் வேலையை ஞாயிறு திருப்பலி முடிந்த கையோடு, பகலிலேயே, இருவராக முடித்துவிடுகிறோம். மணிக்கூண்டில் தனியாக ஏறுவதும் நிறுத்தப்பட்டது.