ஆலிவ் தோப்பு மண்ணில் ஜிஃபினீமா: புது இனம் என்று எழுதலாமா?

மண்வாசி:
தெற்கு ஸ்பெயினின் அண்டலூசியாவில் ஓர் ஆலிவ் தோப்பு, மரத்தடி மண்ணை புனலில் வைத்து வடித்ததில் வேரை வாய் ஊசியால் குத்தி உறிஞ்சும் ஜிஃபினீமா என்ற பேரின நூற்புழுக்கள் பதினான்கு கிடைத்தன. எல்லாமே பெண், ஆண் ஒன்றுகூட இல்லை. அந்தப் பேரினத்துக்குள் அமெரிக்கானம் குழு (ஒன்றுபோலத் தோன்றும் நெருங்கிய இனங்களின் தொகுதி) என்பது வரை சந்தேகமில்லை. அதற்கு மேல் அடையாளத் திறவுகோலை (உறுப்பு அளவுகளை ஒப்பிட்டு இனம் காணும் பட்டியல்) வைத்துப் பார்த்தால் வாய் ஊசியின் நீளம் ஓர் இனத்தோடு பொருந்துகிறது, வால் இன்னொன்றோடு போகிறது, முழுசாக எதிலும் அடங்கவில்லை. பன்னிரண்டை ஃபார்மலினில் போட்டு கிளிசரின் ஸ்லைடாக்கிவிட்டேன், இரண்டு உயிரோடு இருக்கின்றன. புது இனம் என்று எழுதிவிடலாமா?

ஊசிமுனை:
அவசரப்படாதீர்கள். அந்தக் குழுவில் ஐம்பது இனங்களுக்கு மேல் இருக்கின்றன, அளவுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், அதனால் திறவுகோலில் அடங்கவில்லை என்பது மட்டும் சான்றாகாது. ஆண் இல்லாததும் விசேஷமில்லை, ஆணில்லாமலே பெருகும் வகை இது. பார்வைக்கு ஒன்றுபோல இருந்து மரபணுவில் பிரிந்து நிற்பவையும் உண்டு என்பதால் இனம் பிரிக்கப் பயன்படும் இரண்டு மரபணு வரிசைகள், அதாவது 28எஸ் ரைபோசோம் மரபணுவின் டி2-டி3 பகுதியும் மைட்டோகாண்டிரியாவின் காக்ஸ்1 மரபணுவும், இல்லாமல் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். ஃபார்மலினில் போனவற்றிலிருந்து டிஎன்ஏ எடுப்பது பெரும்பாடு. மிச்ச இரண்டையாவது ஒரு சொட்டு நீரில் தற்காலிக ஸ்லைடாக வைத்து ஊசி, அதைச் சுற்றியிருக்கும் வழிகாட்டு வளையம், பெண் துளை இருக்கும் இடம், வால் எல்லாவற்றையும் படமெடுத்து அளந்துகொண்டு, அப்புறம் அதே புழுவை வெட்டி பிசிஆருக்கு (டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் சோதனை) அனுப்புங்கள். உருவம் ஒரு புழுவிலிருந்து, டிஎன்ஏ வேறொன்றிலிருந்து என்றால், ஒரே மண்ணில் இரண்டு இனம் கலந்திருந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

வேரடி:
புனலில் வடித்தீர்களா? அதுதான் பதினான்கோடு நின்றிருக்கிறது. பெரிய, மந்தமான புழுக்கள் அதில் சரியாக இறங்காது. சல்லடையில் கழுவி, 1.16 அடர்த்தியுள்ள மக்னீசியம் சல்பேட் கரைசலில் மையவிலக்கில் சுற்றிப் பாருங்கள். அதே மரத்துக்குத் திரும்பப் போய், காய்ந்த மேல்மண்ணைத் தள்ளிவிட்டு, நுண்வேர் இருக்கும் ஆழத்தில் எடுங்கள். கிடைக்கும் புழுக்களில் ஒரு பங்கை டெஸ் என்ற பதப்படுத்தும் கரைசலில் போட்டால் உருவமும் டிஎன்ஏவும் இரண்டுமே தப்பும்.

ஊசிமுனை:
இன்னொன்று, மனம் தளர வேண்டாம். ஆலிவ் வேரில் புது இனம் கிடைப்பது அங்கே நடக்காததில்லை. தெற்கு ஸ்பெயினின் காட்டு ஆலிவ் வேர்முடிச்சிலிருந்து 2003-இல் மெலாய்டோகைன் பெய்டிகா என்ற நூற்புழு இனம் வந்தது (அந்தப் பகுதிக்கு ரோமானியர் வைத்த பெயர்தான் பெய்டிகா), ஸ்பெயின், துனிசியா ஆலிவிலிருந்து 2014-இல் பிராட்டிலெங்கஸ் ஒலியே என்ற இன்னொரு நூற்புழு இனம். இரண்டாவதில் உருவத்தோடு மரபணுவையும் சேர்த்தேதான் பிரித்துக் காட்டினார்கள்.

மண்வாசி:
நன்றி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த இரண்டில் ஒன்றின் வாலை மூடுகண்ணாடி நசுக்கிவிட்டது, இருப்பது ஒன்றுதான். அடுத்த மழைக்கு அப்புறம் மண்வெட்டியோடு போகிறேன், புனலை ஓரங்கட்டியாயிற்று.