முன்பதிவா, முன்னெச்சமா: காவலரின் உடல் கேமராவுக்கு ஒரு கலைச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

காவலர் மார்பில் அணியும் கேமரா, பதிவுப் பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய சில நொடிகளையும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அந்தப் பகுதிக்கு ‘முன்பதிவு’ என்ற சொல்லை இந்தக் கலைச்சொல் உரையாடல் இழையில் ஐயா ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். பொருள் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் ரயில் பயணச்சீட்டு அச்சொல்லை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. ‘காவலரின் முன்பதிவு நீதிமன்றத்தில் காட்டப்பட்டது’ என்று எழுதினால், அவர் எந்த ஊருக்குப் போகவிருந்தார் என்றுதான் வாசகர் கேட்பார். இலங்கை வழக்கிலுள்ள ‘முற்பதிவு’க்கும் இதே இடர் உண்டு.

சொல்லைத் தேடுமுன் கருவி செய்வதைப் பார்த்துவிடலாம். அமெரிக்கக் காவல்துறைகள் பல பயன்படுத்தும் ஆக்சான் நிறுவனத்தின் கேமராவைப் பணி தொடங்கும்போது இயக்கிவிட்டால், அது இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். பார்த்ததை இடைவிடாமல் அழித்துக்கொண்டும் இருக்கும். பொத்தானை இருமுறை அழுத்தியதும், அதுவரை அழியாமல் மிஞ்சியிருந்த கடைசி 30 நொடிக் காட்சி, ஒலியில்லாமல், பதிவின் முன்பகுதியாகச் சேர்ந்துகொள்ளும். 30 நொடி என்பதும் ஒலியின்மையும் நிறுவனம் வைத்துத் தரும் அமைப்புகள்தாம்; அந்தந்தத் துறை மாற்றிக்கொள்ளலாம்.

இந்த 30 நொடிக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து வழக்கு ஒன்று காட்டிவிட்டது. 2017 ஜனவரியில் எடுக்கப்பட்டு, அவ்வாண்டு ஜூலையில் வெளியான காட்சி அது. குப்பை நிறைந்த ஒரு கொல்லைப்புறத்தில், காவலர் ஒருவர் போதைப்பொருள் பொட்டலத்தை சூப் டப்பா ஒன்றில் வைத்துக் குப்பைக்கு அடியில் தள்ளுகிறார். உடன் வந்த காவலர் இருவர் பார்த்துக்கொண்டு நிற்கின்றனர். பிறகு, பொட்டலத்தை வைத்தவர் வெளியே நடந்து வந்து பொத்தானை அழுத்துகிறார். ஒலி தொடங்குவது அங்கேதான். தேடிப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு திரும்பிச் சென்று, தாம் வைத்த டப்பாவையே ‘கண்டெடுக்கிறார்’. முன்பே கண்டெடுத்ததைப் பதிவுக்காக மீண்டும் செய்து காட்டியதாக அவர் வாதிட்டும், சான்றைப் புனைந்த குற்றத்துக்காக 2018இல் தண்டிக்கப்பட்டார். தம் பதிவு எங்கே தொடங்குகிறது என்று அவர் நினைத்தாரோ, அங்கே அது தொடங்கவில்லை.

கணினித் தமிழில் ஏற்கெனவே உள்ள ‘இடையகம்’ (buffer) இங்கே உதவாது என்பது என் கருத்து. அது தரவு தங்கிச் செல்லும் இடத்தின் பெயர். நமக்கு வேண்டியதோ அங்கிருந்து மீண்டு வந்த காட்சியின் பெயர். நீதிமன்றத்தில் காட்டப்படுவது இடம் அன்று.

ஆகவே ‘முன்னெச்சம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். எஞ்சுவது எச்சம். ஒருவர் விட்டுச் செல்வதையும் எச்சம் என்றே முன்னோர் வழங்கினர்; பால்டிமோர் காவலருக்கு அந்தப் பொருளும் தப்பவில்லை. இலக்கணமும் துணை நிற்கிறது. வினையெச்சம் ஒரு முற்றுவினைக்குக் காத்திருப்பது போல, இந்த 30 நொடியும் பொத்தான் அழுத்தப்படுவதற்குக் காத்திருக்கிறது. அழுத்தாவிட்டால் அப்படியொன்று இருந்ததாகவே ஆகாது. எச்சம் என்றதும் காக்கையை நினைப்போர் இருப்பர். வினையெச்சம் படித்த மாணவர்களும் அப்படிச் சிரித்துவிட்டுத்தான் படித்தனர்.

இதைவிடப் பெரிய சிக்கல் வினைச்சொல்லில் இருக்கிறது. ‘கேமராவை ஆன் செய்யவில்லை’ என்று செய்தித்தாள்கள் எழுதுவதும், ‘இயக்கவில்லை’ என்று நாம் எழுதுவதும், மின்சாரம் கொடுப்பதையும் பதிவைத் தொடங்குவதையும் ஒன்றாக்கிவிடுகின்றன. 2017 ஜூலை 15 இரவு மினியாபொலிஸ் நகரில், தம் வீட்டின் பின்சந்தில் ஏதோ தாக்குதல் நடப்பதாக அவசர உதவி எண் 911ஐ அழைத்த பெண்ணையே காவலர் சுட்டுக் கொன்றபோது, அங்கிருந்த காவலர் இருவரில் எவரும் பதிவைத் தொடங்கியிருக்கவில்லை. கேமரா இல்லாமல் போகவில்லை, பதிவுதான் இல்லை. அதன் பின் திருத்தப்பட்ட அந்நகரக் காவல்துறை விதி, அழைப்பு வந்த இடத்தை அடைவதற்குக் குறைந்தது இரண்டு தெருத்தொகுதி (block) தொலைவிலேயே பதிவு தொடங்கியிருக்க வேண்டும் என்றது. ‘தேவைப்படும்போது’ என்று காவலர் முடிவுக்கு விடாமல், தெருவை எண்ணிச் சொன்ன விதி அது. இதைத் தமிழாக்கும்போது ‘கேமராவை இயக்க வேண்டும்’ என்று எழுதினால் விதியின் உயிரே போய்விடும். கருவியை ‘இயக்கு’, பதிவைத் ‘தொடங்கு’ என்று இரண்டையும் பிரித்தே ஆள வேண்டுகிறேன்.

‘முன்னெச்சம்’ என்பதை விரைந்து படித்தால் கண் ‘முன்னெச்சரிக்கை’க்கு ஓடுகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை, தட்டச்சு செய்யும்போது என் கைப்பேசியும் அதைத்தான் முதலில் நீட்டியது. ‘பதிவு தொடங்கியது 9.14க்கு, முன்னெச்சம் 30 நொடி, ஒலியின்றி’ என்று ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு அந்தத் தடுமாற்றம் நின்றது. உங்களுக்கு நிற்கவில்லை என்றால் ‘முந்தெச்சம்’ என்றொரு மாற்றும் கைவசம் உண்டு; ஓசைதான் சற்றுக் கரடுமுரடு.