மூஞ்சிக்கல் ரோடு: நடப்பவருக்கு எவ்வளவு இடம் கேட்கலாம்?

மூஞ்சிக்கல்வாசி:
எங்கள் வார்டு கூட்டத்தில் கொடுக்க ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், உங்கள் யோசனை வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து வந்தாலும் பழனியிலிருந்து வந்தாலும் வண்டிகள் பெருமாள்மலையில் சேர்ந்து, மூஞ்சிக்கல் வழியாகத்தான் கொடைக்கானலுக்குள் நுழைகின்றன. அதே ரோட்டில்தான் என் அம்மா ரேஷன் கடைக்கு நடக்கிறார். வயது 71. போன சீசனில், ஓரத்தில் நின்ற காரைச் சுற்றிப் போக ரோட்டில் இறங்கியவரை ஒரு வேனின் கண்ணாடி தட்டிவிட்டது. தோள்பட்டை இன்னும் சரியாகவில்லை.

வெளியூர் வண்டிகள் கொடைக்கானலுக்குள் வர 2024 மே 7 முதல் இ-பாஸ் இருக்கிறது. 2025 சீசனுக்கு நாளொன்றுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. நல்லதுதான். ஆனால் உள்ளே வந்த வண்டி எங்கே நிற்பது, நாங்கள் எங்கே நடப்பது?

சாலை அமைப்பதற்கான அளவுகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் நடைபாதைக்குச் சொல்லும் குறைந்தபட்ச அகலம் 1.8 மீட்டர். ஒரு கார் நிற்கவும் ஏறக்குறைய அதே அகலம்தான் வேண்டும். அதாவது ஒரு பக்கம் பார்க்கிங்கை எடுத்தாலே நடைபாதை கிடைத்துவிடும், மலையை வெட்ட வேண்டாம். இதைக் கேட்கலாமா? பஸ், சைக்கிள் பற்றி என்ன எழுதுவது?

வத்தலக்குண்டு ரூட் டிரைவர்:
தாராளமாகக் கேளுங்கள் தம்பி. ஒன்று மட்டும் கவனியுங்கள். வளைவில் பஸ்ஸின் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்ளே தள்ளி வரும். நேர் ரோட்டின் அளவையே அங்கேயும் வைத்துக் நடைபாதை கட்டினால் அதன் ஓரக் கல்லை நாங்களே உடைப்போம், அங்கே நிற்கிறவருக்கும் ஆபத்து. வளைவுகளில் பஸ்ஸை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கோடு போடச் சொல்லுங்கள்.

அப்புறம், பஸ் ஒதுங்கி நிற்கக் குடைந்த இடம் கேட்காதீர்கள். ஒதுங்கின பஸ்ஸை சீசனில் யாரும் திரும்ப ரோட்டில் சேரவிடுவதில்லை. நடைபாதையை நிறுத்தத்தில் சற்று முன்னால் நீட்டிவிட்டால், ரோட்டிலேயே நிறுத்தி ஏற்றிக்கொள்வோம். பூண்டு மூட்டையோடு நிற்கும் அம்மாக்களுக்கும் நிற்க இடம் கிடைக்கும்.

ஏரிக்கரை சைக்கிள் கடை:
ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமம். அதனால் முதன்முதலாக மிதிப்பவரும் அங்கே ஓட்டுகிறார். மூஞ்சிக்கல் மேடு அப்படியில்லை. ஏறும்போது மெதுவாகப் போவதால் சைக்கிள் இரு பக்கமும் ஆடும், கூடுதல் இடம் வேண்டும். இறங்கும்போது வண்டியோடு வண்டியாக வந்துவிடலாம். எனவே ஏறுகிற பக்கம் மட்டும் சைக்கிளுக்கு ஒரு பட்டை கேளுங்கள், வேகத்தை 30-க்குக் குறைக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் கேட்டால் ஒன்றும் கிடைக்காமல் போகும்.

மளிகைக் கடைக்காரர்:
நான் எதிர்க்கத்தான் வந்தேன். என் கடை முன்னால் நாளெல்லாம் நிற்கும் காரில் வந்தவர்கள் என்னிடம் ஒரு தீப்பெட்டிகூட வாங்குவதில்லை, அதை யோசித்தபோது மனசு மாறியது. எனக்கு வேண்டியது அரிசி மூட்டை இறக்க நேரம். காலை 6 முதல் 8 வரை லாரி நிற்கலாம் என்று மனுவில் எழுதினால் நானும் கையெழுத்து போடுகிறேன்.

மூஞ்சிக்கல்வாசி:
நன்றி அண்ணே, எல்லோருக்கும்தான். 6 முதல் 8 சேர்த்துவிட்டேன், வளைவு விஷயத்தையும். ஞாயிறு காலை டேப் எடுத்துக்கொண்டு அளக்கப் போகிறேன். அம்மாவும் வருகிறார். எங்கெங்கே ரோட்டில் இறங்க வேண்டியிருக்கிறது என்று அவரே சுண்ணாம்பால் குறி போடுவார், அதைப் படம் எடுத்து மனுவோடு வைக்கிறேன்.