டெம்போ டிராவலர் கேம்பர் வேன் கூரை ஒழுகுகிறது. பழைய சிலிக்கான் மேலேயே பூசலாமா? (பெங்களூரு)

அல்சூர் வண்டி (கேள்வி)

வணக்கம். டெம்போ டிராவலரைத் தங்கும் வண்டியாக மாற்றிய வேன் ஒன்று எங்களிடம் இருக்கிறது. மாற்றிக் கட்டிய பிறகு செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கூரை இரும்புத் தகரம்தான், ஃபைபர் இல்லை. மேலே இரண்டு சோலார் பேனல், நடுவில் 14 அங்குலச் சதுரத்தில் ஒரு வென்ட் ஃபேன், பின்பக்கம் ஒரு சாமான் கேரியர், சோலார் வயர் உள்ளே இறங்குகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி. எல்லாவற்றையும் சுற்றி வெள்ளை சிலிக்கானைக் கனமாகப் பூசி வைத்திருக்கிறார்கள்.

மே மாத மழை தொடங்கியதிலிருந்து உள்ளே ஒழுகுகிறது. கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே சீலிங் பிளைவுட் ஊறிப் பழுப்பாகிவிட்டது. ஆனால் அந்த இடத்துக்கு நேர் மேலே கூரையில் எதுவுமே இல்லை, வெறும் தகரம். வென்ட் ஃபேன் மூன்றடி தள்ளி இருக்கிறது, அதைச் சுற்றி உள்ளே காய்ந்துதான் கிடக்கிறது. அப்புறம், மழை விட்ட பிறகு வண்டியை எடுத்து டிரினிட்டி சிக்னலில் பிரேக் போட்டால், முன்பக்க சீலிங் விளக்கின் விளிம்பிலிருந்து தண்ணீர் கோடாக இறங்குகிறது. கட்டிலோ பின்னால். எங்கிருந்து வருகிறது என்றே புரியவில்லை.

ஒரு பாடி ஷாப்பில் காட்டினேன். "இருக்கிறது மேலேயே இன்னொரு கோட் சிலிக்கான் இழுத்துவிடலாம், அரை நாள் வேலை" என்றார்கள். அது நிற்குமா? ஆடியில் அப்பா அம்மாவைக் குலதெய்வக் கோவிலுக்கு இந்த வண்டியில்தான் கூட்டிப்போக வேண்டும். அப்பாவுக்கு முட்டி வலி, படுத்துக்கொண்டுதான் வர முடியும். கட்டில் இருக்கிற இடம் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் இருக்க வேண்டும்.

ஹொரமாவு எலக்ட்ரீஷியன்

கூரையை அப்புறம் பார்க்கலாம். விளக்கு வழியாகத் தண்ணீர் வருகிறது என்றால் முதலில் அந்த லைனின் ஃபியூஸைக் கழற்றுங்கள். 12 வோல்ட் ஆளை அடிக்காது என்பது சரிதான், ஆனால் ஈரமான கனெக்டர் பச்சை பூத்து, சூடாகி, பிளைவுட்டுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் கருகும். இன்வெர்ட்டரிலிருந்து 230 வோல்ட் வயர் சீலிங்கில் போகிறதா என்றும் பாருங்கள். போனால் எல்லாம் காயும்வரை இன்வெர்ட்டரைப் போடவே வேண்டாம்.

இன்னொன்று, வெளிச்சம் இருக்கும்வரை பேனலில் மின்சாரம் இருக்கும். வயர் மூடியில் கை வைக்கும் முன் பேனலைக் கனமான போர்வையால் மூடி, பிரேக்கரையும் அணைத்துவிடுங்கள்.

ஜெயநகர்க்காரன்

மொட்டை மாடிக்கு அடிக்கிற வாட்டர்ப்ரூஃப் கோட்டிங்கைக் கூரை முழுக்க இரண்டு கோட் அடித்துவிடுங்களேன். எங்கள் மாடியில் வருஷக்கணக்காக நிற்கிறது.

பீன்யா கண்ணாடிக்காரர்

தம்பி, பஸ், லாரிகளுக்கு முன்கண்ணாடி ஒட்டுவது என் தொழில். அதனால் சீலண்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜெயநகர்க்காரர் சொன்னது மாடிக்குச் சரி. மாடி அசையாது. வண்டிக் கூரை ஒவ்வொரு குழியிலும் முறுக்கிக்கொள்கிறது, வெயிலில் நீள்கிறது, மழை பட்டதும் சட்டென்று சுருங்குகிறது. மூன்று மீட்டர் அலுமினிய ரெயில் 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2.8 மில்லிமீட்டர் நீளும். அதன் அடியில் இருக்கிற இரும்புத் தகரம் அதே சூட்டில் பாதிதான் நீளும், 1.4 மில்லிமீட்டர். இந்த இழுபறியைத் தினம் தினம் தாங்க வேண்டியது நடுவில் உள்ள சீலண்ட். எம்-சீல் மாதிரி எபாக்ஸியும் இதனால்தான் இங்கே வேண்டாம். அது நல்ல பொருள், ஆனால் இறுகியபின் வளையாது, ஓரத்தில் முடி மாதிரி விரிசல் விடும்.

"நேர் மேலே ஒன்றும் இல்லையே" என்கிறீர்கள். தகரத்தின் ஓட்டையில் இறங்கும் தண்ணீர் அங்கேயே சொட்டுவதில்லை. இன்சுலேஷனுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடி, பிளைவுட்டில் எங்கே இடைவெளி கிடைக்கிறதோ அங்கே வெளியே வரும். நீங்கள் வண்டியை மூக்கு மேலே தூக்கி இருக்கும்படி நிறுத்துகிறீர்களா? அப்படியென்றால் நிற்கும்போது தண்ணீர் பின்னால் ஓடிக் கட்டில் பக்கம் ஊறும். பிரேக் போட்டால் தேங்கியது முன்னால் பாய்ந்து விளக்கு ஓட்டையில் இறங்கும். கறை இருக்கிற இடத்தை வைத்து ஓட்டையைத் தேடாதீர்கள்.

சிலிக்கான் மேல் சிலிக்கான் வேண்டவே வேண்டாம். காய்ந்த சிலிக்கான் மேல் பெயிண்டும் பிடிக்காது, பி.யூ.வும் (பாலியூரித்தேன் சீலண்ட்) பிடிக்காது, புது சிலிக்கானே சரியாகப் பிடிக்காது. பூசும்போது வினிகர் வாடை அடிக்கிற மலிவு வகை இன்னும் மோசம். அதில் வெளியேறுவது அசிட்டிக் அமிலம், இரும்பை அரிக்கும். மேலே வெள்ளையாக அழகாக இருக்கும், அடியில் துரு பரவிக்கொண்டிருக்கும்.

முதலில் ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். ஒருவர் சீலிங் பேனலைக் கழற்றிவிட்டு உள்ளே டார்ச்சோடு இருக்கட்டும், இன்னொருவர் வெளியே ஹோஸ் பைப்போடு. தண்ணீரை மெதுவாக விடுங்கள். பிரஷர் வாஷர் கூடாது, அது நல்ல மூட்டிலும் தண்ணீரைத் திணித்துவிடும். கீழ்ச் சரிவிலிருந்து ஆரம்பித்து மேலே போங்கள், ஒரு நேரத்தில் ஒரு இடம் மட்டும், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிஷமாவது. மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் நனைந்து எது ஓட்டை என்றே தெரியாமல் போகும்.

ஹெப்பாள் அக்கா

சகோ, ஹோஸ் எடுக்கும் முன் ஒன்று கேட்க வேண்டும். மழையே இல்லாத நாளில், இரவு இரண்டு பேர் கதவையும் வென்ட்டையும் சாத்திக்கொண்டு தூங்கிய பிறகு, காலையில் ஸ்குரூ தலைகளிலும் ஜன்னல் விளிம்பிலும் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கிறதா? குடகு, ஊட்டிப் பக்கம் குளிரில் நாங்கள் நிறுத்தித் தூங்கினால் இது நிச்சயம் வரும். அது மூச்சுக்காற்றின் ஈரம், ஒழுகல் இல்லை. வண்டிக்குள் சமைத்தால் இன்னும் அதிகம். அதற்கு மருந்து வென்ட்டைக் கொஞ்சம் திறந்து வைப்பதுதான், சீலண்ட் இல்லை. உங்கள் விளக்குக் கதையைக் கேட்டால் ஒழுகல்தான் என்று தோன்றுகிறது, இருந்தாலும் இரண்டும் சேர்ந்து இருக்கலாம்.

அல்சூர் வண்டி

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஃபியூஸ் எடுத்தாயிற்று, 230 வோல்ட் லைன் சீலிங்கில் இல்லை. அக்கா, மழை இல்லாத நாளில் உள்ளே சுத்தமாகக் காய்ந்துதான் இருக்கிறது.

அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே சரி. எங்கள் வீட்டு வாசல் சாய்வில் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். மைத்துனர் உள்ளே உட்கார, நான் ஏணியில் நின்று தண்ணீர் விட்டேன். வென்ட் ஃபேன் ஒரு சொட்டுகூட விடவில்லை. கேரியரின் இடது பின் பிராக்கெட்டில் விட்டதும் உள்ளே ஸ்குரூ முனையில் சொட்ட ஆரம்பித்தது. அடுத்து சோலார் வயர் மூடி. அங்கே சொட்டு இல்லை, ஒழுக்கே வந்தது. அந்த மூடியைச் சுற்றி இருந்த சிலிக்கானை நகத்தால் நெம்பினேன், வாழைப்பழத் தோல் மாதிரி முழு வளையமாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் தகரம் செம்பழுப்பாகத் துருப்பிடித்து, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கி நிற்கிறது. தகரம் ஓட்டையாகவில்லை, ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன், கெட்டியாக இருக்கிறது.

இனி எப்படிச் செய்வது? ஒழுகாத வென்ட் ஃபேனையும் பிரிக்க வேண்டுமா? மழை நாளில் இந்த வேலையைச் செய்யலாமா?

பீன்யா கண்ணாடிக்காரர்

வென்ட் ஃபேனையும் பிரித்துவிடுங்கள் என்பதே என் கருத்து. அதே கை, அதே சிலிக்கான். இன்று ஒழுகாதது அடுத்த மழைக்காலத்தில் ஒழுகும். ஷெட் கிடைத்து, கை அழுக்காகியிருக்கும் இப்போதே முடித்துவிடுங்கள்.

இந்த வேலையில் முக்கால்வாசி நேரம் பழையதை எடுப்பதில்தான் போகும், போக வேண்டும். பிளாஸ்டிக் ஸ்கிராப்பரால் கனத்தை எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் அப்புறமும் இருக்கும், அதுதான் எமன். சிலிக்கான் ரிமூவர் தடவி ஊறவிட்டு, தேய்த்து எடுத்து, உப்புத்தாள் போட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பனியன் வேஸ்ட்டால் துடையுங்கள். ஒரே துணியைத் திருப்பித் திருப்பி உபயோகித்தால் எடுத்ததையே மறுபடி பூசுகிறீர்கள், அடிக்கடி மாற்றுங்கள். முடிந்ததும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தேய்த்த இடத்தில் தண்ணீர் பரவி நின்றால் சுத்தம். உருண்டு விலகினால் படலம் இன்னும் இருக்கிறது, திரும்பத் தேயுங்கள். வென்ட் விளிம்பு பிளாஸ்டிக், அதன் மேல் தின்னர் படவே கூடாது.

துருவை வெள்ளைத் தகரம் தெரியும்வரை தேய்த்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, நன்றாகக் காயவிட்டு, மேலே பெயிண்ட். இதை அவசரப்படுத்தாதீர்கள்.

வென்ட் விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப் போடுங்கள். அது எப்போதும் இறுகாது, பிசுபிசுப்பாகவே இருந்து அசைவுக்கு ஈடு கொடுக்கும். மூலைகளில் இடைவெளி விடாமல் ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி வையுங்கள். ஸ்குரூவை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள், சுற்றிலும் பியூட்டைல் பிதுங்க வேண்டும். மறுநாள் இன்னொரு முறை முறுக்கினால் இன்னும் கொஞ்சம் பிதுங்கும். பிதுங்கியதைப் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு, ஓரத்தைத் துடைத்த பிறகே மேல் சீலண்ட். பியூட்டைல் மேல் பி.யூ. பிடிக்காது.

கேரியர், சோலார் பிராக்கெட்டுகளுக்கு பி.யூ. சீலண்ட், நாங்கள் கண்ணாடிக்குப் போடுகிற இனம்தான். பிராக்கெட்டின் அடியிலும் ஸ்குரூ ஓட்டைக்குள்ளும் வைத்துவிட்டு முறுக்குங்கள். ஓரத்தில் மட்டும் பூசுவதில் பயனில்லை. பழைய ஸ்குரூவை எறிந்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். வெயில் படுகிற மேல் விளிம்புக்கும் ஸ்குரூ தலைக்கும் வெள்ளை எம்.எஸ். பாலிமர் (வெயில் தாங்குகிற இன்னொரு வகை சீலண்ட்) நல்லது. பி.யூ. வெயிலில் மஞ்சளாகி மாவாக உதிரும். பெங்களூரு 900 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர், குளுகுளு என்று இருந்தாலும் மதிய வெயிலின் புற ஊதா கடுமை. வெறும் பி.யூ. போட்டால் மேலே பெயிண்ட் அடித்துவிடுங்கள்.

மழை பற்றி: பி.யூ.வும் எம்.எஸ்.ஸும் காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் இறுகும், அதனால் ஈரக்காற்று ஒன்றும் செய்யாது. தகரம் நனைந்திருந்தால்தான் ஒட்டாது. கூரை உள்ள ஷெட்டில் வைத்துச் செய்தால் ஜூன், ஜூலையிலும் செய்யலாம். வெட்டவெளியில் என்றால் ஜனவரி, பிப்ரவரி வரை காத்திருப்பதே நல்லது. பூசிய பின் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும், மேலே தோல் கட்டியதைப் பார்த்து ரோட்டில் இறக்கிவிடாதீர்கள்.

ஹெப்பாள் அக்கா

வாங்குவதற்கு ஜே.சி. ரோடு போங்கள், கண்ணாடி போடுபவர்களுக்கு விற்கும் கடைகளில் பி.யூ. கிடைக்கும். டியூபில் தயாரித்த தேதியைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பழைய சரக்கு கன்னில் வைத்து அழுத்தினால் வராது, வந்தாலும் பிடிக்காது. ஒரு டியூபைத் திறந்தால் அன்றே தீர்த்துவிடுங்கள், மீதி நாஸிலிலேயே கட்டியாகிவிடும். மாஸ்கிங் டேப் ஒட்டிப் பூசுவீர்கள் என்றால் தோல் கட்டும் முன்பே டேப்பை உரித்துவிடுங்கள்.

கூரை மேல் ஏறினால் தகரத்தின் நடுவில் மிதிக்காதீர்கள். உள்ளே குறுக்கே ஓடும் ரிப் எங்கே என்று பார்த்து, இரண்டு ரிப் மேல் படும்படி பலகை போட்டு, அதன் மேல் முட்டி போடுங்கள். பள்ளம் விழுந்தால் அங்கே தண்ணீர் தேங்கும்.

அல்சூர் வண்டி

மைத்துனருக்குத் தெரிந்தவரின் குடோனில் இடம் கிடைத்தது. எல்லாவற்றையும் பிரித்தோம். அண்ணா சொன்ன தண்ணீர்ச் சோதனையில் வயர் மூடி இருந்த இடம் முதலில் தேறவில்லை, திரும்பத் தேய்த்த பிறகு தண்ணீர் படர்ந்து நின்றது, பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. பழைய மூடியின் விளிம்பு வளைந்திருந்ததால் புது மூடி போட்டோம். வயர்களை மேலிருந்து நேராக இறக்காமல், மூடிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விட்டிருக்கிறோம், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

நன்றாக இறுகிய பிறகு ஹோஸ் சோதனை செய்தோம், உள்ளே ஒரு சொட்டு இல்லை. அடுத்த நாள் அடித்த மழையிலும் இல்லை. மனசு நிறைந்து சொல்கிறேன், இந்த உதவியை மறக்க மாட்டேன். இனி சீலிங்கை மூடிவிடலாமா?

ஹெப்பாள் அக்கா

உடனே மூடாதீர்கள், சகோ. இன்சுலேஷனைக் கையால் அழுத்திப் பாருங்கள். கண்ணாடிக் கம்பளி வகை என்றால் நனைந்ததை வெட்டி எடுத்துப் புதிது வையுங்கள், அது உள்ளே லேசில் காயாது. ஃபோம் ஷீட் என்றால் அதன் பின்னால் தண்ணீர் தேங்கியிருக்கும், ஓரத்தைத் தூக்கித் துடைத்து ஃபேன் காற்றில் விடுங்கள். கறுப்புப் புள்ளி விழுந்த பிளைவுட்டை மாற்றிவிடுங்கள். அந்தப் பூஞ்சைக் காற்றை வயசானவர்கள் ராத்திரி முழுக்க சுவாசிக்கக் கூடாது.

பீன்யா கண்ணாடிக்காரர்

மூடும்போது வயர் மூடிக்குக் கீழே வருகிற பேனலை மட்டும் பசை போடாமல் நாலு ஸ்குரூவில் நிறுத்துங்கள், எப்போது வேண்டுமானாலும் கழற்றிப் பார்க்கலாம். மழைக்காலத்துக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை மேலே ஏறி ஓரங்களை விரலால் நெம்பிப் பாருங்கள். தூக்கினால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புதிதாக வைத்தால் போதும். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினால் இலையும் பிசினும் சேர்ந்து கூரை ஓரத் தண்ணீர்ப் பாதையை அடைத்துவிடும், அதைச் சாதாரண ஷாம்பூத் தண்ணீரில் கழுவிவிடுங்கள். அப்பா அம்மாவைப் பத்திரமாகக் கூட்டிப் போய் வாருங்கள்.