சுகர் உள்ள வயதான பூனை காரணம் தெரியாமல் இளைக்கும்போது: வளர்ப்பவர்களின் அனுபவங்கள்

எங்கள் கறுப்பனுக்குப் பதிமூன்று வயது. இன்சுலினில் இருக்கிறான். ஊசி ஆரம்பித்த புதிதில் எடை நன்றாக ஏறியது, ரோமத்தில் பளபளப்பு திரும்பியது. பிறகு மறுபடியும் இளைக்கத் தொடங்கினான். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை, இன்னும் கேட்டுக் கத்துவான். முதுகைத் தடவினால் மட்டும் எலும்பு கையில் தட்டுப்பட்டது.

சுகர் கட்டுப்படாத பூனை ஏன் இளைக்கிறது என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். சர்க்கரை சிறுநீரோடு போய்விடும், உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து ஓட்டும். ஆனால் கறுப்பனுக்கு வீட்டில் காதில் குத்திப் பார்க்கும் அளவு முன்பைவிடக் கொஞ்சம்தான் கூடியிருந்தது. இவ்வளவு எடை இறங்க அது போதாது. ஃப்ரக்டோசமைன் பரிசோதனை, அதாவது கடைசி ஓரிரு வாரத்துச் சராசரி சுகர், நல்லபடியாகவே வந்தது. வீட்டு அளவு ஒன்று சொல்கிறது, ஆய்வகம் வேறொன்று சொல்கிறது. இந்த முரண்தான் டாக்டரைத் தைராய்டு பக்கம் திருப்பியது.

தைராய்டு அதிகமாகச் சுரக்கும் பூனையின் உடம்பில் புரதம் வேகமாகக் கரைந்து புதிதாகிக்கொண்டே இருக்கும். அதனால் ஃப்ரக்டோசமைன் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். நல்ல ரிப்போர்ட் என்று நாம் நிம்மதியாக இருந்துவிடுவோம். இன்னொரு பக்கம், சுகர் மாதிரி நாள்பட்ட நோய் இருந்தால் டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன்) அளவு கீழே இழுக்கப்பட்டு இயல்பு எல்லைக்குள் வந்து நிற்கும். கறுப்பனுக்கும் முதல் டி4 'நார்மல்'தான், ஆனால் எல்லையின் மேல்பாதியில் இருந்தது. டாக்டர் அதோடு விடவில்லை. சில வாரம் கழித்து டி4-ஐயும் ஃப்ரீ டி4-ஐயும் (அந்த ஹார்மோனில் புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் பங்கு) சேர்த்துப் பார்த்தபோது, தைராய்டு அதிகமாகச் சுரப்பது தெளிவானது.

தைராய்டை அடக்கும் மெத்திமசோல் மருந்தை ஆரம்பித்ததும் நாங்கள் மிகவும் கவனித்தது தாழ்சுகரைத்தான். தைராய்டு அடங்க அடங்க இன்சுலின் தேவை குறையும். பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் ஆபத்து. தள்ளாடுவது, கண் நிலைகுத்துவது, வலிப்பு ஏதாவது தெரிந்தால் ஈறில் தேனோ குளுக்கோஸோ தடவிவிட்டு உடனே ஓட வேண்டும். கறுப்பனுக்கு டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்தோம். சிறுநீரகத்தையும் மறுபடி பார்க்கச் சொன்னார். தைராய்டு கூடியிருக்கும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் அதிகம் பாயும், தசையும் கரைந்திருக்கும். இரண்டும் சேர்ந்து கிரியேட்டினினை (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு, ரத்தத்தில் அளப்பது) குறைத்துக் காட்டுவதால், உள்ளே இருக்கும் சிறுநீரகக் கோளாறு மறைந்துவிடும்.

* * *

எங்கள் வீட்டில் தைராய்டு சுத்தமாக இருந்தது. பெண் பூனை, வயது பதினான்கு. சுகரும் அடங்கியேதான் இருந்தது. எப்போதாவது வாந்தி எடுப்பாள், முடி உருண்டை என்றே எல்லோரும் சொன்னார்கள். வயதான பூனை அடிக்கடி வாந்தி எடுத்தால் அதை முடி உருண்டைக் கணக்கில் எழுதக் கூடாது என்று இப்போது பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

எடை இறங்கியதும் டாக்டர் பி12 பார்த்தார். மிகவும் குறைவு. பி12-ஐ உறிஞ்சுவது சிறுகுடலின் கடைசிப் பகுதி, அதனால் குடலில் கோளாறு இருக்கலாம் என்று அப்போதே சொல்லிவிட்டார். கணையம் செரிமான நொதி சுரக்காவிட்டாலும் பி12 குறையும் என்பதால் டிஎல்ஐ என்ற பரிசோதனையையும் செய்தார்கள், அது சரியாக இருந்தது. ஸ்கேனில் குடல் சுவர் தடித்திருந்தது. அது நாள்பட்ட குடல் அழற்சியா, மெல்ல வளரும் லிம்போமாவா (ஒரு வகைப் புற்றுநோய்) என்று ஸ்கேனை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வயதான உடம்பில் பயாப்ஸியா (சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) என்று வீட்டில் நிறைய பேசினோம், கடைசியில் செய்தோம். லிம்போமா.

அந்தச் சொல்லைக் கேட்டு உடைந்துபோனேன். ஆனால் இந்த வகை, குளோராம்புசில் என்ற புற்றுநோய் மருந்துக்கும் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டுக்கும் நன்றாகக் கட்டுப்படக்கூடியது. இரண்டு வருடமும் அதற்கு மேலும் நன்றாக வாழும் பூனைகள் நிறைய உண்டு. எங்களுக்குச் சிக்கல் பிரட்னிசலோன்தான், ஸ்டீராய்டு சுகரை ஏற்றிவிடும். இன்சுலினைக் கூட்டி, வீட்டில் அடிக்கடி அளந்து சமாளிக்கிறோம். பி12 ஊசியும் போகிறது. எடை இறங்குவது நின்றுவிட்டது, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

* * *

நான் சொல்வது ஊசிக்குப் பதிலாக வாய்வழி மருந்து கொடுப்பவர்களுக்கு. பெக்ஸாகிளிஃப்ளோசின் மாத்திரைக்கு 2022-லும் வெலாகிளிஃப்ளோசின் திரவத்துக்கு 2023-லும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முன்பு இன்சுலின் போட்ட பூனைக்குக் கொடுக்கக் கூடாது என்பது அந்த அனுமதியிலேயே உண்டு. எங்களுடையது புதிதாகச் சுகர் கண்டுபிடிக்கப்பட்ட பூனை, அதனால் கொடுத்தார்கள்.

மீட்டரில் சுகர் அழகாக வந்தது, பூனையோ இளைத்தது. பிறகு தட்டை முகர்ந்துவிட்டு நகர ஆரம்பித்தது. அன்றே கொண்டு போனோம். சுகர் நார்மல், கீட்டோன் (உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது உண்டாகும் அமிலம்) உச்சத்தில். இந்த மருந்துகள் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடுவதால் மீட்டர் எண் இறங்கிவிடும். உடம்புக்கு இன்சுலின் போதவில்லை என்றால் உள்ளே கீட்டோன் ஏறிக்கொண்டே போகும், மீட்டர் அதைக் காட்டாது. மருந்தை நிறுத்தி, மருத்துவமனையில் வைத்து, குளுக்கோஸும் இன்சுலினும் சேர்த்துக் கொடுத்துத்தான் மீட்டார்கள். இப்போது இன்சுலின்தான். இந்த மருந்துகள் கெட்டவை என்று நான் சொல்லவில்லை, பல பூனைகளுக்கு நன்றாகவே ஒத்துப்போகின்றன. ஆனால் கொடுப்பவர்கள் கீட்டோன் பார்க்கும் பட்டையை வீட்டில் வைத்திருங்கள்.

* * *

மூன்று பேர் சொன்னதையும் படித்தேன். எடை பார்ப்பதைப் பற்றி நானும் சொல்கிறேன். நாம் ஏறும் எடை மெஷினில் பூனையைத் தூக்கிக்கொண்டு நின்று கழித்துப் பார்த்தால் சிறிய மாற்றம் தெரியாது. குழந்தைகளுக்கான எடை மெஷின் கிராம் கணக்கில் காட்டும், வாரம் ஒருமுறை அதில் வைத்தால் போதும். ஐந்து கிலோ பூனையில் 250 கிராம் போனாலே ஐந்து சதவீதம். கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருந்தால் பத்தைத் தாண்டியிருக்கும். வயிறு தொங்கும் பூனைகளில் இன்னும் ஏமாற்றம், கொழுப்பு இருக்கும்போதே முதுகிலும் தோள்பட்டையிலும் தசை கரைந்துவிடும். கையால் தடவிப் பாருங்கள்.

எங்கள் பூனைக்குக் கடைசியில் பல்தான் காரணம். ஈறில் சீழ், மெல்லும்போது வலி. பல்லை எடுத்ததும் சாப்பாடும் திரும்பியது, சுகரும் இறங்கியது.

எந்தக் காரணமானாலும் ஒன்றில் மட்டும் பொறுமை வேண்டாம். இன்சுலினில் இருக்கும் பூனை சாப்பிடவில்லை என்றால் வழக்கமான ஊசியைப் போடுவதற்கு முன் டாக்டருக்குப் போன் செய்து அளவைக் கேளுங்கள். சில நாள் பட்டினி கிடந்தாலே பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்துவிடும், குண்டாக இருந்து இளைக்கும் பூனைக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம்.