'டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்' 35ஆவது வருசம்: ஊர்ல திரையிடப் போறோம், பேச்சை என்ன செய்ய?

தேரிக்காட்டுக்காரி:

திசையன்விளை பக்கம் எங்க ஊரு. ஜூலி டாஷ் 1991ல எடுத்த இந்தப் படத்தை பள்ளிக்கூடத்துச் செவத்துல போட்டுக் காட்டணும்னு நாலஞ்சு பேரு சேந்திருக்கோம். அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருத்தர் இயக்கி அமெரிக்கா முழுக்க தியேட்டருக்கு வந்த முதல் முழுநீளப் படம் இது.

1902. தெற்குக் கரோலினா கடலோரத்துல ஒரு தீவு. கல்லா-கீச்சி மக்கள்னு சொல்லுவாவ, அடிமையாக் கொண்டுவந்த ஆப்பிரிக்க சனத்தோட வாரிசுங்க. பீசன்ட் குடும்பம் விடிஞ்சா வடக்க பிழைக்கப் போகுது. போறதுக்கு முன்ன கடைசியா ஒருநாள் கடற்கரையில கூடி, நண்டும் இறாலும் வெண்டைக்காயும் ஆக்கிச் சாப்பிடுதாவ. மூத்தவ நானா மட்டும் நான் வரலன்னுட்டா.

எங்க ஆச்சியும் அப்படித்தான். தாத்தாவும் அவுக தம்பிமாரும் தாராவிக்கு ரயில் ஏறுனப்ப, "பனைய விட்டுட்டு நான் எங்க வர?"ன்னு ஓலைப்பெட்டி முடைஞ்சுகிட்டு இங்கயே இருந்துட்டா. அவ தகரப்பெட்டிக்குள்ள அவ அம்மையோட ஒத்தைப் பாம்படம் கெடந்துச்சு. படத்துல நானாகிட்டயும் ஒரு தகர டப்பா உண்டு. அவ அம்மைய வேற இடத்துக்கு வித்தப்ப, பிள்ளைக்குன்னு வெட்டிக் குடுத்துட்டுப் போன முடி அவகிட்ட இருக்கு. அதப் பாத்த அன்னைக்கு ராத்திரி எனக்கு உறக்கமே வரல.

இன்னொண்ணு. பேத்தி வயோலா வேதப்புத்தகத்தோட வாறா, நானாவுக்கு வேரும் பழைய சாமியும். எங்க வீட்டுல அப்பா வழி சர்ச்சு, அம்மா வழி சுடலைமாடன் கொடை. இதை யாரும் எங்களுக்கு விளக்க வேண்டாம்.

சிக்கல் பேச்சுலதான். கல்லா பேச்சு இங்கிலீசு படிச்சவங்களுக்கே பிடிபடாது, அப்படியும் டாஷ் அதை மாத்தல. பாக்க வாறவங்க பாதிப்பேர் பீடி சுத்துற அம்மாமாரு, வேகமா வாசிக்க வராது. மைக்குல ஒருத்தர் சொல்லிக்கிட்டே வரலாமா, தமிழ் எழுத்துப் போடலாமா? அந்தக் குரல் அவங்க காதுல விழணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

வண்ணார்பேட்டை:

அக்கா, மைக் வேண்டாம். 112 நிமிசமும் ஒருத்தர் பேசிக்கிட்டே இருந்தா அந்த இசையும் அலைச்சத்தமும் செத்துரும். நான் நாலு படத்துக்கு தமிழ் எழுத்துப் போட்டிருக்கேன். எல்லா வரிக்கும் போடாதீங்க. போடுறதை நம்ம பேச்சுலயே போடுங்க. நானா பிள்ளைகளக் கூப்பிடுத எடத்துல "வாருங்கள்"னு எழுதினா அவ பள்ளிக்கூட வாத்தியார் ஆயிருவா.

2016ல, 25ஆவது வருசத்துக்கு, படத்தைப் புதுப்பிச்சாங்க. அந்தப் பிரதியை முறையா அனுமதி கேட்டு வாங்குங்க. ஆர்தர் ஜாஃபா ஒளிப்பதிவுக்கு சன்டான்ஸ் திரைப்பட விழாவுல பரிசு வாங்குன படம் இது. வெள்ளை உடுப்பு, வெள்ளை மணல். மங்கல் பிரதியில ஒண்ணும் தெரியாது. நல்லா இருட்டுனப்புறம் ஆரம்பிங்க.

வில்லடிச்சான்:

எங்க அப்பா வில்லுப்பாட்டுக்காரர். கொடையில உக்காந்திருக்கிற சனத்துக்குக் கதை முன்னமே தெரியும், அதான் ஒரு வரி விட்டுப்போனாலும் அழுவாங்க. அதே மாதிரி படத்துக்கு முன்ன அரைமணி நேரம் கதை சொல்லுங்க. இக்போ லேண்டிங் கதையக் கட்டாயம் சொல்லணும். 1803ல ஜார்ஜியா கரையில இறக்குன இக்போங்கிற ஆப்பிரிக்க மக்கள் அடிமையா இருக்க மாட்டோம்னு சேந்தே தண்ணிக்குள்ள நடந்தாங்க. முங்கிச் செத்தாங்கங்கிறது வரலாறு. தண்ணி மேல நடந்தே ஊருக்குத் திரும்பிட்டாங்கன்னு சனம் சொல்லுது, படத்துல அந்தக் குடும்பத்து மருமக இயூலாவும் அப்படித்தான் சொல்லுதா. நம்மூர்ல கொலையுண்டவங்களச் சாமியாக் கும்பிடுதோம்லா, நம்ம சனம் இதை ஒரே மூச்சுல புடிச்சிக்கிடும்.

உப்புக்காத்து:

ஒரு விசயம் சொல்லணும் தாயி, கோவிச்சுக்காதீங்க. "நம்ம கதைதான்"னு மட்டும் சொல்லி முடிச்சிராதீங்க. உங்க ஆச்சி வரமாட்டேன்னு தானா இருந்தா. நானாவோட முன்னோரைக் கப்பல்ல சங்கிலி போட்டுக் கொண்டாந்தாங்க. நானா கை நீலமா இருக்கும் பாருங்க, அடிமையா வேலை செஞ்சப்ப ஏறுன அவுரிச் சாயம். அந்தக் கறை நெசத்துல அத்தனை வருசம் நிக்காது. சாட்டைத் தழும்புக்குப் பதிலா அடிமைத்தனத்தோட அடையாளமா டாஷ் அதை வச்சாங்க. நம்ம சனம் மருதாணின்னு நினைச்சிரும். முன்கூட்டியே சொல்லிருங்க.

தேரிக்காட்டுக்காரி:

அண்ணாச்சி, நீங்க சொன்னது சரி. எங்க ஆச்சி நினைப்புல நான் அதைத் தாண்டிப் போயிட்டேன். அவுரியச் சொல்லியே ஆரம்பிக்கேன்.

மைக் இல்ல. முன்ன கதை, படத்துல கொஞ்சமா எழுத்து. அப்புறம் ஒரு சேதி: அந்தக் கடலோரத்துல ஒருவகைப் புல்லச் சுருட்டி, அங்கத்த பனை வகையோட ஓலை நாரால தைச்சுக் கூடை செய்யுதாவ, இன்னைக்கும். அதனால எங்கூர்ல பெட்டி முடையுற மூணு பேரை முன்வரிசையில உக்கார வைக்கோம். அவங்க கையப் பாத்துக்கிடுவாங்க.

நாளைக்கு எங்க சித்திகிட்ட கதையச் சொல்லிட்டு, முத்தத்துல ஒருதடவை போட்டுக் காட்டப் போறேன். அவ எங்க முழிக்காளோ அந்த எடத்துக்கு மட்டும் எழுத்து. வண்ணார்பேட்டை தம்பி, வரிய அனுப்புனா பாத்துத் தாறீங்களா?